இடப்பக்கச் சன்னலோரம் ஒரு குப்பி சாயம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் காலை 6.10 பேருந்தில் இடப்பக்கச் சன்னலோரம் உட்காருவது என்று கடந்த மாதம் முடிவெடுத்தேன். இதற்கு மூன்று நாட்களும், ஒரு திசைகாட்டியும், துறைத்தலைவரின் ஒப்புதலும் தேவைப்பட்டன. கிழக்கு வெயில் வலப்பக்கம் விழும்.

பையில் ஒரு சிறு பெட்டி; அதற்குள் அலுமினியத் தாள் சுற்றிய, சுண்டுவிரல் அளவுக் குப்பி. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எட்டு மாதம் உழைத்து உருவாக்கிய ஒளிரும் சாயம். சாதாரண நுண்ணோக்கியில் நெருங்கியிருக்கும் நுண்பொருள்கள் ஒரே திட்டாகத் தெரியும். எங்கள் சாய மூலக்கூறுகள் இருட்டில் உறங்குபவை. லேசர் பட்டால் சில மட்டும் விழித்து ஒளிரும். இடத்தைக் குறித்துக்கொண்டு அணைத்துவிட்டு அடுத்த சிலவற்றை எழுப்பலாம். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல. வெயில் பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்திவிடும். மறுபடி உறங்காது. திருச்சி ஆய்வுக்கூடத்தில் பதினொரு மணிக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வேறு குப்பி இல்லை.

டிக்கெட் 78 ரூபாய். வடமதுரை தாண்டியதும், பெட்டிக்குள் இருட்டாக இருக்கிறதா என்று பார்க்க அதைத் திறந்தேன். அப்போது வேகத்தடை வந்தது. குப்பி துள்ளி, சுற்றியிருந்த அலுமினியத் தாள் கிழிந்தது. பிடித்துக் கையை இறுக்க மூடிக்கொண்டேன். பையில் புதுத் தாள் இருந்தது; சுற்றக் கை இல்லை.

பக்கத்தில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போகும் தரகர்.

"என்ன சார், பொன்வண்டா?"

"மருந்துண்ணே. வெளிச்சம் படக்கூடாது."

"அம்புட்டுத்தானே? துண்டுக்குள்ள கைய விடுங்க. நாங்க வெரலப் பிடிச்சு வெல பேசுறதே இதுக்குள்ளதான். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது."

கனத்த துண்டை மடியில் இரண்டாக மடித்துப் போட்டார். குப்பியும் தாளும் என் கையிலிருந்து அவர் கைக்கு, துண்டுக்குள்ளேயே மாறின.

"உடைஞ்சுராதுல்ல?"

"கெடாயத் தடவியே எத்தன கிலோன்னு சொல்லுவேன். இது கோழிக்குஞ்சு. பேசாம வாங்க."

அவர் பார்வை முன் இருக்கையில், விரல்கள் துண்டுக்குள். "அய்யலூர் எறங்கு!" என்றார் நடத்துநர். "செத்த இருங்க சார், இன்னும் ஒரு சுத்து," என்றார் தரகர் என்னிடம். விசில் அடித்தது; பேருந்து நகர்ந்தது.

பதினொன்றரைக்குத் திருச்சி ஆய்வுக்கூடத் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மினுங்கின. எட்டு மாதத்தில் முதன்முறையாகத் துறைத்தலைவர் தொலைபேசியில் "நல்லது" என்றார்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: இடப்பக்கச் சன்னல், மாற்றுத் தாள் இரண்டு, பெட்டியைத் திறக்க வேண்டாம். சந்தை பார்க்க விரும்புவோர் ஏழு மணிக்குள் அய்யலூரில் இறங்கிவிடுங்கள். ஏழரைக்கெல்லாம் நல்ல ஆடுகள் கைமாறிவிடும். தரகர் அய்யலூர் தாண்டி வையம்பட்டியில் இறங்கியபோது மணி 7.25.