நூல்கண்டுகளோடு விளக்கு வாங்கப் போன யாஸ்மின்

கோவை கோட்டைமேட்டில், வீட்டு மாடியில் ஆரி வேலைக்கூடம் வைத்திருக்கிறாள் யாஸ்மின். கல்யாண ரவிக்கைகளில் பூவும் மயிலும் போட்டுத் தருவது தொழில். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு அவளும் மூன்று பெண்களும் குனிந்து உட்கார்ந்தால் பேச்சும் சிரிப்பும் ஓயாது. ஆனால் கை தவறாது.

போன மழைக்காலத்தில் ஒருமுறை தவறிவிட்டது. சாயங்காலம் கரண்ட் போனதும், பழைய எமர்ஜென்சி லைட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்களில் ஒருத்தியான மிஸ்பா ஒரு ரவிக்கையின் இடக்கை மயிலை முடித்துவிட்டாள். காலையில் பார்த்தால் வலக்கை மயில் நீலம், இடக்கை மயில் பச்சை.

"அக்கா, இது கிளிங்களா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஹுமேரா.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்பாவும் சிரித்தாள், பிறகு அவள் கண் கலங்கிவிட்டது. யாஸ்மின் திட்டவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த லைட்டை நூல்களுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிந்தன.

"உன் கண்ணுல கோளாறு இல்ல கண்ணு. இந்த லைட்டுலதான்."

இருவரும் உட்கார்ந்து நூலைப் பிரித்தார்கள். மறுநாள் யாஸ்மின் புது எமர்ஜென்சி லைட் வாங்க, காந்திபுரத்தில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கிருபாசங்கர் பெரிய லைட் ஒன்றை எடுத்து வைத்தார். "இருக்கறதுலயே இதுதானுங்க பவர். கண்ணு கூசும்."

"கூச வேண்டாங்க. கலர் கலராத் தெரிஞ்சாப் போதும்." பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள். "கடை லைட்ட ஒரு நிமிசம் அணைக்கறீங்களா?"

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளக்குகளை அணைத்தார். மிக்ஸி வாங்க வந்திருந்த காளியாத்தாள், "ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?" என்று பதறினார். விவரம் கேட்டதும் மிக்ஸியை விட்டுவிட்டு அவரும் மேசைப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

பெரிய லைட்டில் சிவப்பு மங்கிப்போனது. அடுத்ததில் மஞ்சளும் வெள்ளையும் கலந்துவிட்டன. மூன்றாவது சின்ன லைட். அதில் ஒவ்வொரு நூலும் தன் நிறத்தில் இருந்தது.

"அம்மணி, இதையே வாங்கிப்போடுங்க," என்றார் காளியாத்தாள். "அந்தப் பெரிய லைட்டுல என்ற சீலை காப்பிக் கலராப் போச்சு. இப்பத்தான் குங்குமக் கலரு திரும்பி வந்துச்சு."

யாஸ்மின் ஊசி பிடிப்பதுபோல லைட்டுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தாள். விரல் நிழல் ஊசி முனை இருக்க வேண்டிய இடத்திலேயே விழுந்தது. "ரெண்டு குடுங்க. பக்கத்துக்கு ஒண்ணா மாட்டிக்கறேன். கரண்டு போனாத் தானா எரியுமுங்களா? ஊசியக் கையில வெச்சுட்டு இருட்டுல யாரும் எந்திரிக்கக் கூடாதுங்க."

கிருபாசங்கருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. லைட்டைப் பிளக்கில் மாட்டி, சுவிட்சை அணைத்துக் காட்டினார். அது உடனே தானாக எரிந்தது.

இரண்டையும் மாட்டிய பிறகு கோட்டைமேட்டில் கரண்ட் போகவே இல்லை. "நம்ம ஏரியாவுக்கு என்னக்கா ஆச்சு?" என்று பெண்கள் ஏங்கிப்போனார்கள்.

கடைசியில் ஒரு மதியம் இடி இடித்துக் கரண்ட் போனது. இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்ததும் நால்வரும் கை தட்டினார்கள். சிரித்து முடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்ததுகூட யாருக்கும் உடனே தெரியவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றி நூல்கள் பறந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.