மூன்றாம் முறை பூ கேட்டவன் சொல்கிறேன்

என் மகளின் முட்டியைக் கெடுத்தவன் நான். அந்தப் பழியை நம் பொன்னியம்மன் தலையில் போட்டவனும் நான்தான். கோயிலில் பார்க்கும்போது, "ஏழுமல, பொண்ணு நடக்குதே, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று சந்தோஷமாகச் சொல்கிறீர்கள். ஆத்தா கண்ணை மூடவே இல்லை. நடந்ததை நடந்தபடி இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் திட்டினாலும் சரி.

ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முதல் ஷிப்ட் முடிந்தால் நேராக மைதானம்தான். வடக்குப்பட்டுப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் நந்தினிதான் அணியின் ரெய்டர். பத்தொன்பது வயது. அவள் பாடிக்கொண்டு உள்ளே போனால் எதிரணி தானாகப் பின்னால் நகரும். எனக்குத் தலைகால் புரியாது. அவ்வளவு கர்வம்.

போன வருஷம் சித்திரையில் செல்வராணி என்று ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். மறைமலை நகரில் அறை எடுத்துத் தங்கி பிசியோதெரபி மேல்படிப்பு படிக்கிறாள். கபடி ஆடும் பெண்களுக்கு முட்டி ஏன் போகிறது, போகாமல் எப்படித் தடுப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு மரப்பெட்டியைப் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருத்தராக ஏறிக் குதிக்கச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தாள். நந்தினி குதித்ததை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பிள்ளைக்கு இறங்கும்போது வலது முட்டி உள்ளுக்க சாயுது. ரெண்டு மாசம் நான் சொல்லுத பயிற்சிய மட்டும் செய்யட்டும். அதுவரைக்கும் மேட்ச் வேண்டாம்ணே."

வைகாசியில் மாவட்ட அணிக்கான தேர்வு ஆட்டம். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்!

"இருவது வருசமா ஆடிகினு கீறேன். முட்டி எப்டி மடங்கணும்னு எனக்கே பாடமா? நீ இன்னா, கண்டியா முட்டி பூடும்னு?"

"பயிற்சி செஞ்சா போகவே போகாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேண்ணே. ஆபத்து குறையும். அதத்தான் சொல்லுதேன்."

பிள்ளைகள் முன்னால் ஒரு சின்னப்பெண் என்னைத் திருத்திவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் மனசுக்குள் ஒரு பயம். அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று கோயிலுக்குப் போனேன். நம் வழக்கம்தான், உங்களுக்குத் தெரியும். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்துச் சன்னதி முன்னால் வைத்தேன். கண்ணை மூடி எடுக்கும் மடிப்பில் வெள்ளை வந்தால் ஆட வேண்டாம். சிவப்பு வந்தால் ஆடலாம்.

வெள்ளை வந்தது.

மனசு ஒருநிலையில் இல்லை, சரியாகக் கும்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி மடித்து வைத்தேன். மறுபடியும் வெள்ளை. பூசாரி பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தேன். சிவப்பு.

வீட்டுக்குப் போய், "ஆத்தா உத்தரவு குட்த்துட்டா" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நந்தினி குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்து, வலது முட்டியிலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

தேர்வு அன்று இரண்டாம் பாதி. எதிரணிப் பெண் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தாள். நந்தினி எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பினாள். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. "எந்திரிடி, ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெற்ற அப்பன் நான், இன்னொரு ரெய்டு போகச் சொல்லிக் கை காட்டினேன். நாலு அடிகூட வைக்கவில்லை, விழுந்துவிட்டாள்.

ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. ஆனியில் ஆபரேஷன். "மடக்கி மடக்கிப் பழகணும். வுட்டா முட்டி இறுகிடும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். நந்தினி மடக்கவில்லை. பாதத்தில் துண்டை மாட்டி இழுக்க வேண்டும், தினமும் செய்ய வேண்டும். துண்டைத் தூக்கி எறிந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். என் மனைவி அமுதா விபூதி கொண்டுபோனால் தட்டிவிட்டாள்.

"உத்தரவு குட்த்து கால ஒடிச்சுதே, அதுக்குப் பேரு சாமியா? இன்மே அத்த என் கண்ணுல காட்டாதம்மா."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயோ, நான் என்ன மனுஷன்! செய்தது நான், திட்டு வாங்கியது ஆத்தா.

அப்போதும் வாய் திறக்கவில்லை. அங்கப்பிரதட்சணம் செய்தேன். தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். "தாயே, எம்பொண்ணு காலு மடங்கணும்" என்று தினமும் அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் கட்டையாகிக்கொண்டே வந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி. நீங்கள் எல்லாரும் கூழுக்கு வரிசையில் நின்றீர்கள். நான் சன்னதி முன்னால் நின்றேன். கால் மடங்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. "உண்மையச் சொல்ல எனக்கு வாயக் குடு தாயே. எம்பொண்ணுகிட்ட உன் பேரக் கெடுத்துட்டேன். அவளுக்கு நீ வேணும்" என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் செல்வராணியின் செருப்பு. விஷயம் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்திருக்கிறாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு ஒங்ககிட்ட இன்னும் கொஞ்சம் சண்ட போட்டிருக்கணும்ணே. விட்டுட்டுப் போயிட்டேன்" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

அந்தப் பெண் எதற்கு அழ வேண்டும்? எனக்குள் ஏதோ உடைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அமுதா தலையில் அடித்துக்கொண்டாள். நந்தினி அழவில்லை. சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மொத ரெண்டு வாட்டியும் வெள்ளையா?"

"ஆமா கண்ணு."

"அப்ப ஆத்தா வேணாம்னுதான் சொல்லிச்சா?"

"ஆமா."

அதன் பிறகுதான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, மடக்குங்க" என்றாள்.

செல்வராணி வாரம் மூன்று நாள் வந்தாள். வலியில் நந்தினி பல்லைக் கடிப்பது அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். பொங்கலுக்குள் ஊன்றுகோல் போயிற்று. பங்குனியில் படி ஏறினாள். கபடி இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் ஆடச் சொல்லவும் இல்லை, கோச்சாக நிற்கவும் இல்லை. சாயங்காலம் மைதானத்தைக் கூட்டிவிட்டு ஓரமாக உட்காருகிறேன். செல்வராணி சொல்லிக் கொடுத்த பயிற்சியை முடிக்காமல் பிள்ளைகள் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் போதும், அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் கிடையாது.

நந்தினி இன்னும் என்னிடம் பேசுவதில்லை. "சோறு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்பாள். அப்பா என்ற சொல்லைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. வலிக்கிறது, சொல்லாமல் என்ன. ஆனால் இந்த ஆடியில் அவள் கூழ்ப் பானையை இடுப்பில் வைத்து, எங்கள் தெருவிலிருந்து கோயில் வரை தன் காலால் நடந்து வந்ததை நீங்களே பார்த்தீர்கள். நான் தூணோரம் நின்றேன். என்னைத் தாண்டிப் போய் அம்மன் முன்னால் பானையை இறக்கினாள். இரண்டு முட்டியையும் மடக்கி விழுந்து கும்பிட்டாள். நான் கேட்டதற்கு மேலேயே தாய் கொடுத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். பதில் பிடிக்கவில்லை என்று அம்மனிடம் மறுபடி கேட்காதீர்கள். என்னைப் போலக் கேட்டுத் தொலைத்திருந்தால் கோயிலில் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து வீட்டுக்குப் போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால் அதையும் அவளிடமே கேளுங்கள். கொடுப்பாள்.