கன்னியா வெந்நீரில் ஒரு குட்டிப் பொயிலர்

துறைமுகப் பட்டறையில் எனக்குப் பொயிலர் வேலை. கப்பலின் நீராவிக் கொதிகலனான பொயிலருக்குள் தவழ்ந்து போய், பழுதான குழாய்களை வெட்டியெடுத்துப் புதியவற்றைப் பொருத்துவோம். அதில் எனக்கு ஒரு துளி பயமும் இருந்ததில்லை. நான் உள்ளே போகும்போது பொயிலர் செத்துக் கிடக்கும். அது உயிர் பெறும்போது நான் பாலையூற்றிலுள்ள வீட்டுக்கு சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பேன். இப்படியே ஓய்வூதியம் வரைக்கும் வீரனாக இருந்திருக்கலாம். என் கூட்டாளி விடவில்லை.

அவன் கிண்ணியாக்காரன், பட்டறையில் கடைசல் வேலை. மதியச் சோற்று நேரங்களில் பித்தளைத் துண்டுகளைக் கடைந்து கடைந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீராவி எஞ்சின் செய்திருந்தான். சிலிண்டர், பிஸ்டன், சக்கரம் எல்லாம் இருந்தன. நீராவிதான் இல்லை. சைக்கிள் பம்பால் காற்றடித்து ஓட்டிக் காட்டுவான். பார்ப்பவர்கள், "எஞ்சின் எங்க ஓடுது, உன்ர கையெல்லோ ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கதை அவனுக்குள் முள்ளாய்க் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு டுபாயில் வேலை சரிவந்தது.

"மச்சான், நான் போறதுக்கு முன்னம் இது ஒருக்காலாவது நீராவியில ஓடவேணும். பொயிலர நீ செய்."

"அதுக்கென்ன, சின்ன விசயம்" என்றேன். என் வாய் என்னைக் கேட்காமலே வேலை எடுக்கும்.

பால்மாத் தகரப் பேணியளவில் ஒரு செப்புக் குழாய். அதன் இரண்டு முனைக்கும் செப்புத் தட்டு. தட்டுகளில் துளை போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுண்டுவிரல் பருமனில் சின்னக் குழாய்கள். குழாய்களுக்குள்ளால் நெருப்பின் வெக்கை போகும், சுற்றிவரத் தண்ணீர் நிற்கும். குழாய் முனைகளைக் கூரான இரும்பு ஆணியால் தட்டி விரித்துத் துளையோடு இறுக்கினேன். அவன் வெள்ளி கலந்த பற்றாசு வைத்து ஒட்டினான். பச்சைத் தண்ணீர் நிரப்பிப் பம்பால் அழுத்திப் பார்த்தபோது ஒரு குழாயின் ஓரம் கண்ணீர் விட்டது. கப்பலில் செய்வதையே செய்தோம்: அந்தக் குழாயின் இரண்டு வாய்க்கும் பித்தளை ஆப்பு அடித்து அதை மறந்துவிட்டோம். பிறகு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு அழுத்தியும் ஒரு சொட்டும் வரவில்லை.

பச்சைத் தண்ணீரில் வெடித்தால் சட்டைதான் நனையும். நீராவி அப்படியில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. இந்தப் பொயிலர் உயிர் பெறும்போது நான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அவன் திங்கட்கிழமை ரயில் ஏறவேண்டும். ஓட்டிப் பார்ப்பது ஞாயிறு பின்னேரம் என் வீட்டு வளவில் என்று முடிவானது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளை ஓடு கட்டும் தண்ணீர், பொயிலருக்கு ஆகாது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கன்னியாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே! கடவுள் பாதி காய்ச்சித் தந்த தண்ணீர், நெருப்பும் மிச்சம்.

மனைவி வாசலில் மறித்தாள். "இஞ்சேருங்கோ, செத்தவைக்கு அந்தியேட்டி செய்யவெல்லோ சனம் அங்க போறது? இன்னும் ஒருத்தரும் சாகேல்லையே."

"பின்னேரம் மட்டும் பொறு" என்றுவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

கன்னியாவுக்குப் போய்க் குளிக்காமல் வருவானா ஒருவன்? சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்தேன். குளித்த அதே வாளியால் அள்ளிக் கலனை நிரப்பினேன். வீடு வந்து சேரத் தண்ணீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம் முருங்கை மரத்தடியில் தேங்காய்ச் சிரட்டைக்கரி மூட்டினோம். அழுத்தமானியின் முள் ஏற ஏற நான் பின்னுக்குப் போனேன். கூட்டாளி பிஸ்மி சொல்லி வால்வைத் திறந்தான். எஞ்சின் சுழலவில்லை. டொக், டொக் என்று இடித்து விக்கியது. கழிவுக் குழாயால் வெள்ளையாய் நுரை பொங்கியது. பாதுகாப்பு வால்வும் கீச்சிட்டு நுரை கக்கியது.

"வெடிக்கப்போகுது! எல்லாரும் படுங்கோ!" என்று கத்திக்கொண்டு நான் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் பாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால், படுத்திருந்தது நான் மட்டும்தான்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி வந்து மூக்கைச் சுருக்கினாள். "இது இவற்ற சவர்க்கார மணமெல்லோ?"

கூட்டாளி வால்வைப் பூட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், பொயிலரையும் குளிப்பாட்டிப்போட்டியேடா!"

சவர்க்காரத் தண்ணீர் நுரைத்து, நீராவியோடு சிலிண்டருக்குள் ஏறியிருக்கிறது. வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் சிரித்து முடிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது. கிண்ணியாவுக்குக் கடைசிப் பாதை, அதுதான் இடையிலுள்ள கடல்நீரைக் கடக்கும் மிதவை, இருட்ட முன்னம் போய்விடும். பொயிலர் ஆறவேண்டும், கழுவவேண்டும், வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

"ஏலாது போல மச்சான். விடு. வந்து பாப்பம்" என்றான். டுபாய்க்குப் போகிறவன் எப்போது வருவான் என்று அவனுக்கும் தெரியாது.

மனைவி குசினிக்குள் போய்ப் பெரிய கேத்தலைத் தூக்கிவந்தாள். குடிக்கவென்று காய்ச்சி, ஓடு அடியில் தங்க வடித்த தண்ணீர். இன்னும் சூடு.

பொயிலரை அலசி அலசி நுரையைப் போக்கினோம். நிரப்பினோம். மீண்டும் கரி, மீண்டும் முள்.

"நீ திற, பொயிலர் உன்ர" என்றான் அவன். முதல் தடவை விக்கியதில் அவனுக்கும் கை கூசியது.

"எஞ்சின் உன்ர, நீ திற."

"ரெண்டு பேரும் அங்கால தள்ளுங்கோ" என்று மனைவி திறந்துவிட்டாள்.

கிசு... கிசு... பிறகு கிசுகிசுவென்று ஒரே ஓட்டம். கூட்டாளி முழங்காலில் விழுந்து, எஞ்சினுக்கு முகத்தைக் கொண்டுபோய்விட்டான். "அல்லாஹ்! மச்சான், ஓடுது! பம்பு இல்லாம ஓடுது!"

நான் இந்த முறை ஓடவில்லை, ஓட ஏலாது. தண்ணீர் குழாய்களுக்குக் கீழே இறங்கினால் செம்பு வெந்து, பற்றாசு உருகிவிடும். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை யாராவது பார்க்கவேண்டும். அதை வாசிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதற்கு முன்னால் குந்தினேன்.

"நிப்பாட்டவா?"

"இன்னும் கொஞ்சம் மச்சான், கொஞ்சம்" என்று கெஞ்சினான்.

விட்டேன். தண்ணீர் மயிரிழை மயிரிழையாய் இறங்கியது. இதற்குமேல் ஏலாது என்ற இடத்தில் நெருப்பை இழுத்துக் கொட்டினேன். சக்கரம் தன்பாட்டில் சுற்றி ஓய்ந்த பிறகுதான் அவன் எழும்பினான். கண் கலங்கியிருந்தது, புகை என்றான்.

"எப்பிடி ஓடினது பாத்தியா?"

"ஓம், ஓம். சும்மா பறந்தது" என்றேன்.

கடைசிப் பாதைக்கு அவன் சைக்கிளை உதைத்துக்கொண்டு பறந்தான். உண்மையில் சக்கரம் சுற்றியதை நான் ஒரு கணமும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடியில் தண்ணீர் எப்படி இறங்கியது என்று கேளுங்கள், இப்போதும் அப்படியே சொல்வேன்.