பட்டியில் தெரியாத குளிசை

சோற்றை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நிற்க, என் கணவர் தூங்கிப்போனார். நடுப்பகல். வேலைக் களைப்பு என்றுதான் நினைத்தேன். தட்டி எழுப்பியபோது அவர் கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது.

அவர் பெயர் யோகராசா, கரடியனாற்று வயல்களில் நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவர். முந்தைய போகத்தில் மெசினிலிருந்து விழுந்து முதுகுத்தட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற பகுதி) விலகியது. வலிக்கு டிரமடோல் (மோர்பினைப் போல மூளையில் வேலைசெய்யும் வலிநீக்கி மாத்திரை) எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குளிசை இல்லாமல் அவரால் அன்று எழுந்து நிற்கவே முடியவில்லை. சில மாதங்களில் வைத்தியர் அதை நிறுத்தினார். உடம்பு நிறுத்தவில்லை.

எந்நேரமும் மேலெல்லாம் சொறிந்தார். மகள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகியது. இன்னும் குளிசை போடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்டதில், ஒருநாள் தானாகவே என்னுடன் ஆசுபத்திரிக்கு வந்து சிறுநீர் கொடுத்தார்.

கீற்றுப் போன்ற சிறிய சோதனைப் பட்டியை அதில் நனைத்துப் பார்த்தார்கள். அபின் வகை மருந்து எதுவுமில்லை என்று முடிவு வந்தது. அவர் அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இப்ப நம்புறியா புள்ள?"

நம்பினேன். வீணாகச் சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். மகனைச் சந்தேகப்பட்டேன் என்று மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதன்பின் நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த விதைப்புக் காலத்தில் வயல் வரம்பிலேயே வலிப்பு வந்து விழுந்தார். மட்டக்களப்பு நகரத்துக்குக் கொண்டுபோனோம். வார்ட்டில் இருந்த பெண் வைத்தியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டிரமடோல் அளவு கூடினாலும் வலிப்பு வரும் என்றார். பழைய முடிவைக் காட்டினேன்.

"தங்கச்சி, அந்தப் பட்டியில இருக்கிறது ஒரு புரதம். மோர்பின்ட உருவத்தைத்தான் அது அடையாளம் காணும். டிரமடோல் வேற உருவம். அதுக்கு வேற பட்டி வேணும்."

வேறு பட்டியில் பார்த்தார்கள். தெரிந்தது. சிறுநீர் கடைசிச் சில நாள்களைப் பற்றித்தான் சொல்லும் என்றும், நெடுநாள் பாவித்தவரின் இரத்தத்திலும் எச்சிலிலும் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறார்கள், அந்தச் சோதனை இன்னும் நோயாளியின் கட்டிலருகே வந்துசேரவில்லை என்றும் வைத்தியர் விளக்கினார்.

அவர் போன பிறகு என் கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"பிடிபட்டா நிப்பாட்டலாம் எண்டுதான் அண்டைக்கு வந்தன். இல்லை எண்டு வந்திட்டுது. பிறகு எந்த வாயால சொல்ல?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வியர்வை, மூக்கொழுகல், ஓரிடத்தில் வைத்திருக்க முடியாத கால்கள். அதையும் தாண்டினார். சித்தாண்டித் திருவிழாவுக்கு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நினைத்துச் சிரித்தேன்.

அறுவடை தொடங்கியது. மெசினின் குலுக்கலில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. வலி என்று என்னிடம் சொன்னார். அன்று பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போவதாக இருந்தோம். அதற்குள் யாரிடமோ வாங்கிப் போட்டிருக்கிறார், முன்பு போட்ட அதே அளவில். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனவர்கள், மெசின் நிழலில் படுத்திருந்தவரை நித்திரை என்று நினைத்தார்கள். மூச்சு நின்றிருந்தது.

விட்டுவிட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கள் வீட்டில் ஒருவர் இதிலிருந்து மீண்டுகொண்டிருந்தால் இதை அவரிடமே சொல்லுங்கள். பரிசோதனை செய்தால் எந்த மருந்தைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். 'இல்லை' என்று முடிவு வந்தாலும் கதைப்பதை நிறுத்தாதீர்கள்.

என் உடம்பு இப்போது வேறு. மூச்சு தானாக நடக்கும் காரியம் என்ற எண்ணம் போய்விட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. காலை ஓடிவிடுகிறது. மத்தியானம் மட்டும் நகர்வதில்லை.

அந்த நேரத்தில் சில நாள் பாயில் சரிந்துவிடுகிறேன். பள்ளி விட்டு வரும் மகள் புத்தகப் பையைக் கழற்றாமலே அருகில் குந்தி, என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். நான் விழித்துத்தான் இருப்பேன். அவள் விரலை எடுக்கும்வரை கண்ணைத் திறக்காமல், நன்றாக மூச்சு விடுகிறேன்.