ஏழு நொடி நடனம்

எங்கள் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடி, குல்யாஷ் நாலாம் மாடி. கோமிர்சாய் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நான் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் இஸ்திரி போடுகிறாள். பதினொரு வருஷமாக ஒரே ஆவியில் நின்று வேகிறோம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. டாக்டர்களின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "பாருங்க ரௌஷான் அக்கா, பெரிய டாக்டர் காலரை நான்தான் நிமிர்த்தி வெக்கிறேன், வீட்ல அவர் பொண்டாட்டி மறுபடியும் கசக்கி அனுப்புறா" என்பாள். கூடமே சிரிக்கும்.

அவள் புருஷன் தெமிர்கான், எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு அளக்கிறவன். ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் அவன் இறங்கிக் கருவியைப் பிடித்துப் பார்த்து, இறங்கலாம், கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் அவனும் இன்னும் எட்டுப் பேரும் உள்ளே இருக்கும்போது சுரங்கம் வெடித்தது. ஒருவரும் உயிரோடு திரும்பி வரவில்லை. பனியில் இறுகிப்போன மண்ணைக் கடப்பாரையால் கொத்தி, இரண்டு நாளாக ஒன்பது பேரையும் அடக்கம் செய்தோம்.

முதல் இரண்டு நாள் டிவியில் 'விபத்து' என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் செய்தி மாறியது. சுரங்கத்தில் ஆட்களின் கட்டுப்பாடு குலைந்திருந்ததா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒரு படம் காட்டினார்கள். தலையில் சுரங்கத் தொப்பி, கையில் கண்ணாடி டம்ளர், இரண்டு கையையும் பருந்து மாதிரி விரித்துக்கொண்டு தெமிர்கான் ஆடுகிறான். கீழே 'வாயு அளவுக்குப் பொறுப்பானவர்' என்று எழுத்து ஓடியது. என்றைக்கு எடுத்தது, எங்கே எடுத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. மொத்தம் ஏழு நொடி. அது முடிந்ததும் சுரங்க நிர்வாகத்தின் விளம்பரம்.

அந்த ஏழு நொடியை எடுத்தது நான்தான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சுரங்கத் தொழிலாளர் தினம். எங்கள் கட்டடத்து முற்றத்தில் மேஜை போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. தெமிர்கான் டம்ளரில் ஊற்றியதும் நான், ஆடச் சொல்லிக் கத்தியதும் நான். நாலு நிமிஷம் போனில் எடுத்துக் கட்டடத்துக் குழுவில் போட்டேன். அங்கிருந்து அது டிவிக்காரர்கள் கைக்கு யார் மூலம் போனது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. குல்யாஷுக்கு எடுத்தது நான் என்று தெரியும். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை அந்த நடனம் வந்தது. சலவைக்கூடத்தில் டிவி சுவரின் உச்சியில் இருக்கிறது, ரிமோட் தலைமை நர்ஸின் மேஜையில் பூட்டி இருக்கும். குல்யாஷ் நிமிராமல் போர்வைகளை அழுத்துவாள். அந்த நடனத்தின் பாட்டு காதில் விழுந்ததும் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு நிற்பாள். இரண்டு தலையணை உறை கருகியது. ரொட்டிக் கடையில் அது, பஸ் நிலையத்தில் அது. பல் பிடுங்கிக்கொள்ளப் போனால் வாயைத் திறந்து படுத்திருக்கும்போதும் மேலே அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு நாள் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவேளை வெடித்த அன்னைக்கும் குடித்திருப்பானோ என்று மனசுக்குள் ஓடியது. எடுத்தவளே நான், மாதம் தெரியும், வெயில் தெரியும், ஊற்றிய புட்டிகூடத் தெரியும். எனக்கே அப்படித் தோன்றியது. மெஷின் மூடியை ஓங்கி அடித்து மூடினேன்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு நிருபர் பெண் வந்தாள். மரியாதையான பெண். வாசலில் பூட்ஸைக் கழற்றினாள், பால் தேநீர் குடித்தாள், பொரித்த பவுர்சாக் ரொட்டி சாப்பிட்டாள், குல்யாஷ் அழுதபோது தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம் கேமரா ஓடியது. குல்யாஷ் தன் போனைக் காட்டினாள். தெமிர்கான் எழுதிக் கொடுக்கிற குறிப்பையெல்லாம் படம் பிடித்து அவளுக்கு அனுப்பி வைப்பான். அக்டோபர் இருபத்தேழு, நவம்பர் மூன்று, நவம்பர் எட்டு. மூன்றிலும் ஒரே விஷயம்தான்: வாயு அளவு அதிகம், காற்று போதவில்லை, ஆள் இறங்கக் கூடாது.

நிருபர் எல்லாவற்றையும் படித்தாள். பிறகு, "அந்த வீடியோவுல அவர் குடிச்சிருந்தாரா, அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா, குடிச்சிருந்தார். தொழிலாளர் தினம், ஊரே குடிச்சுது. வேலைக்கு முந்தின நாள்கூட அவர் ஒரு சொட்டு தொட மாட்டாரு."

மறுநாள் சாயங்காலம் டிவியில் தெமிர்கான் ஆடினான். அடுத்து குல்யாஷின் முகம் வந்தது. "ஆமா, குடிச்சிருந்தார்." அவ்வளவுதான். விளம்பரம் வந்துவிட்டது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் வாயாலயே சொல்ல வெச்சுட்டாங்களே அக்கா" என்றாள். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை டிவியில் அவளே அதைச் சொன்னாள்.

அவள் மகள் அக்போத்தா எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூட வராந்தாவில் அவளைக் கண்டால் பையன்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அப்புறம் போகவில்லை.

இறந்த நாற்பதாம் நாள் குல்யாஷ், செத்தவர்களுக்காகப் பங்கிடுகிற ஷெல்பெக் ரொட்டி ஏழு சுட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சைனெப் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சைனெப்பின் புருஷனும் அதே வெடிப்பில் போனவன். இரண்டு குடும்பமும் ஒன்றாகத் தோட்டம் போட்டவர்கள்.

சைனெப் கதவைத் திறந்தாள். ரொட்டியைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"உன் புருஷன் ஆடுன ஆட்டத்துல என் புருஷன் போனான்."

"சைனெப், அது ஆகஸ்ட் மாசம். நீயும் அங்கதானே இருந்தே. நீதானே கை தட்டுனே."

"நீயே சொன்னியே, குடிச்சிருந்தார்னு. தினம் சொல்றியே! காலையில சொல்றே, மத்தியானம் சொல்றே. அப்புறம் என்ன மூஞ்சியோட ரொட்டி கொண்டாறே?"

கதவு மூடியது. குல்யாஷ் துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, படியில் ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி இறங்கினாள்.

டிசம்பர் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து டிவி நிலையத்துக்குப் போனோம். என் போனில் நாலு நிமிஷ வீடியோ முழுசாக இருந்தது. பின்னால் தொழிலாளர் தினப் பதாகை தெரிகிறது, பெண்கள் கையில்லாத கவுன் போட்டிருக்கிறார்கள், ஒருத்தி தர்பூசணி வெட்டுகிறாள். செய்தி ஆசிரியர் மதியார், முப்பது வயசு இருக்கும், பொறுமையாகப் பார்த்தார்.

"அக்கா, இது வெடிச்ச அன்னைக்கு எடுத்ததுன்னு நாங்க எங்கயாவது சொன்னோமா?"

"சொல்லல."

"அவர் குடிச்சதாலதான் வெடிச்சுதுன்னு சொன்னோமா? கேள்விதானே கேட்டோம்."

"கேள்விய ஒரு தடவை கேக்கறீங்க, ஆட்டத்த ஆயிரம் தடவை காட்டறீங்க" என்றேன் நான்.

"வேற படம் இல்லையே, அக்கா. சுரங்கத்துக்குள்ள கேமரா விட மாட்டேங்கறாங்க. எதையாவது காட்டணும்ல?"

"அவர் எழுதுன காகிதத்த காட்டுங்க" என்றாள் குல்யாஷ். "மூணு காகிதம் இருக்கு. அதையும் ஏழு நொடி காட்டுங்க."

"காகிதத்த யாரு பாப்பாங்க?" என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். வாசல்வரை கூட வந்து கதவையும் திறந்து விட்டார். கீழே வரவேற்பறையில் பெரிய திரை. தெமிர்கான் அங்கே ஆள் உயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் ஒரு காலை, பனி கண் திறக்க விடவில்லை, எங்கள் கட்டடத்தில் எல்லா டிவியும் ஒரே நேரத்தில் அணைந்தது. ஆட்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். குல்யாஷ் ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருந்தாள், கையில் தெமிர்கானின் குறடு. காலடியில் வெட்டிய கேபிள்கள் கிடந்தன.

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? என் சீரியல் போச்சே!" என்று இரண்டாம் மாடிக்காரி கத்தினாள்.

"ஒரு நாள்" என்றாள் குல்யாஷ். "ஒரே ஒரு நாள் அவரை யாரும் பாக்காம இருங்க. உங்க கால்ல விழறேன்."

நான் என் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். போலீஸ்காரர் வந்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். லைன்மேன் மூன்று மணிக்கெல்லாம் கேபிளை ஒட்டிவிட்டான். நாலு மணிச் செய்தியில் தெமிர்கான் ஆடினான்.

ஏப்ரலில் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. காற்றோட்டம் பழுதாக இருந்தது, வாயு அதிகம் என்று எழுத்தில் எச்சரித்தும் ஆட்களை இறக்கினார்கள் என்று இருந்தது. காலை ஆறு மணிச் செய்தியில் ஒரு வாக்கியமாக அதை வாசித்தார்கள். படம் இல்லை, பேர் இல்லை. தற்செயலாக நான் கேட்டேன். மேலே ஓடிக் கதவைத் தட்டினேன். அன்றைக்கு இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம், மறுபடி சொல்வார்கள் என்று. ஏழு மணி, எட்டு மணி, மத்தியானம், சாயங்காலம். சொல்லவில்லை. மறுநாள் சலவைக்கூடத்தில் குல்யாஷ் ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம்தான் அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். அவனோடு இறந்த எட்டுப் பேர் வீடு. வாசலில் நின்று முதலிலிருந்து சொல்வாள், எழுதிப் போட்டு வாங்கிய அறிக்கை நகலைக் கொடுப்பாள், அச்செடுத்த மூன்று குறிப்பையும் காட்டுவாள். நான் நாலு நிமிஷத்தையும் ஓட்டி, "இதை எடுத்தது நான். ஆகஸ்ட் மாசம். ஊத்திக் கொடுத்ததும் நான்" என்பேன். முதல் வீட்டில் தேநீர் கொடுத்துக் கேட்டார்கள். அடுத்த வீட்டில், "அறிக்கையையும் யாரு எழுதச் சொன்னாங்களோ" என்றான் மூத்த மகன். மூன்று வீட்டில் கதவே திறக்கவில்லை.

கடைசியாக சைனெப். இந்தத் தடவை அவள் முழுசாகக் கேட்டாள். காகிதங்களை இரண்டு தடவை படித்தாள். வீடியோவில் கை தட்டுகிற தன்னையும் பார்த்தாள்.

"எனக்குப் புரியுது, குல்யாஷ்" என்றாள். "உன் ஆள் மேல தப்பில்ல. ஆனா கண்ண மூடினா என் புருஷன் முகம் வர மாட்டேங்குது. உன் புருஷன் ஆடறதுதான் வருது. நான் என்னடி பண்ணுவேன்?"

குல்யாஷ் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சைனெப் உள்ளே கூப்பிடவில்லை, கதவை மூடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.