நாலு புள்ளி மூன்றில் நின்ற கம்ப்யூட்டர்

அவளுக்கு வீட்டில் ‘இன்னுங்கொஞ்சம்’ என்று பட்டப்பெயர். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் புருஷன் வைத்தது. மின்விசிறி இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும், டீ இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். போதும் என்று அவள் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் அசையும் படமாக்கிக் காட்டும் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அதை இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் ஏறாத படி இல்லை. நாற்பத்தெட்டு வயது என்றதும் “சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. இப்போதுதான் ஓரிடத்தில் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, பதினைந்து வினாடிப் படம் கேட்டிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்தால் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

அந்த மறுநாள் காலை எட்டரை மணி. அவள் வேலை முடிந்துவிட்டது. இனி கம்ப்யூட்டர்தான் பதினைந்து வினாடிக்கு வேண்டிய முந்நூற்று அறுபது படங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கிழட்டுப் பெட்டி போகிற போக்கில் முடிய ஆறு மணி தாண்டும். போச்சுடா!

விடுவாளா? கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை ஓவர்கிளாக் செய்துவிடுவது என்று இறங்கினாள். அதாவது, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேலே அதை விரட்டுவது. மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் ஓடியதை ஒரே தாவலில் நாலு புள்ளி ஆறுக்கு ஏற்றினாள். சில படம் வரைந்ததும் திரை நீலமாகி, கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. கொஞ்சம் கூட்டினாள். மறுபடி நீலம். மறுபடி கூட்டினாள். ஒரு வழியாக நீலமாகாமல் ஓடியது. நாற்பதாவது படம் வரை வந்தது.

“பார்த்தீங்களா?” என்றாள் பெருமையாக.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்திருந்த புருஷன் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். “ஏம்மா, இது மேல தோசை ஊத்தலாம் போலிருக்கே!”

“உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்” என்று சீறியவள் திரையைப் பார்த்தாள். சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. வெந்துபோகாமல் இருக்க பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி மூன்று! ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பு இருந்ததைவிடக் கம்மி. இத்தனை வோல்டேஜைக் கொட்டி, ஒரு மணி நேரத்தைத் தொலைத்து, ஆமையை நத்தையாக்கியிருந்தாள்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குறைத்தால் தோற்ற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தை நாலு புள்ளி மூன்றுக்கு இறக்கினாள். வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, திரை நீலமான இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்தினாள். சூடு எழுபத்தெட்டு. கம்ப்யூட்டர் வம்பு தும்பு இல்லாமல் ஓடியது. படத்துக்கு எண்பது வினாடிக்கு மேல் ஆகவில்லை. மத்தியானம் சாப்பிடும்போதுகூட அவள் ஒரு கண்ணை அந்தச் சூட்டு எண்ணிலேயே வைத்திருந்தாள்.

நாலே முக்காலுக்குக் கடைசிப் படம் வந்தது. அப்பாடா என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பதினேழாவது படத்தில், வரவேற்பறைச் சுவரில் வெள்ளைப் புள்ளிகள். கம்ப்யூட்டர் தள்ளாடிக்கொண்டிருந்தபோது வரைந்தது. முதல் நாற்பதுமே அப்போது வரைந்தவைதான். ஒன்று கெட்டிருந்தால் மற்றதை எப்படி நம்புவது? அந்த ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினால் ஐந்துக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது. நாற்பதையும் மறுபடி வரைந்தால் ஐந்தே முக்கால்.

பத்து நிமிஷம் நகத்தைக் கடித்தாள். பிறகு, சரியான முந்நூற்று இருபது படங்களை அனுப்பி, கூடவே எழுதினாள்: ‘மெஷினை அதிகமாக விரட்டியது என் தப்பு. முதல் நாற்பதை என்னால் நம்ப முடியவில்லை. திரும்ப வரைகிறேன். ஆறுக்குள் வரும்.’

ஐந்து ஐம்பதுக்கு மிச்சத்தையும் அனுப்பினாள். ஆறே காலுக்குப் போன் அடித்தது. படம் கேட்டிருந்த கம்பெனியின் மேலாளர் அம்மா.

“அஞ்சு மணின்னு சொல்லியிருந்தேன்.”

“ஆமாங்க.”

“இங்கயும் மெஷின் சூடாகிப் படம் கெடும். யாரும் வாயே திறக்க மாட்டாங்க. கடைசியில வீடு வாங்க வந்தவர் சுவத்துல புள்ளியக் காட்டி என் மானத்த வாங்குவார். முன்னாடியே சொல்ற ஆள் எனக்கு வேணும். திங்கட்கிழமை வர்றீங்களா?”

என்ன பதில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் புருஷன் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, நான் திங்கட்கிழமை வேலைக்குப் போறேன்” என்றவள் ஓவென்று அழுதுவிட்டாள். அவன் ஒற்றைக்கால் ஷூவோடு எழுந்து ஓடி வந்தான்.