பின்னலுக்குள் மாதா

என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. அவள் மூளையின் பின்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. மெதுவாக வளரும் வகை. அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். பிள்ளை வளர வேண்டும், கட்டி வளரக் கூடாது. எங்கள் வீட்டு ஜெபம் முழுவதும் இவ்வளவுதான்.

அந்த முறை வாடிப்பட்டியிலிருந்து கிளம்பும் முன், மகள் பிள்ளையின் தோடு, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஜடை பின்னிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பேத்தியைக் கூப்பிட்டு, கோயிலில் மந்திரித்து வாங்கிய மாதா பதக்கத்தைப் பிடரிக்கு மேலே பின்னலுக்குள் செருகிக் கறுப்பு நூலால் கட்டினேன்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் தாத்தா."

நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன். பதக்கம் அலுமினியம்தான். அதில் மாட்டியிருந்த சின்ன இரும்பு வளையத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை.

கோரிப்பாளையத்து ஸ்கேன் சென்டரில், "இரும்பு, நகை ஏதாச்சும் இருக்கா?" என்று டெக்னீஷியன் கேட்டபோது, "எல்லாத்தையும் கழட்டிட்டோம்ணே" என்றாள் மகள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே தொடங்கிய தடதடச் சத்தம் சட்டென்று நின்றது. டெக்னீஷியன் வெளியே வந்தார்.

"பின்னந்தலைப் பக்கம் அம்புட்டும் கருப்பா வருதே!"

அவர் படத்தைத்தான் சொன்னார். மகளோ கட்டியைச் சொல்வதாக நினைத்தாள். சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. என் மானம் அந்த நேரத்திலும் எனக்குப் பெரிதாக இருந்தது.

பேத்தியை வெளியே அழைத்து வந்தார்கள். "பாப்பா, தலையில ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்று அவர் கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையென்று தலையாட்டினாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நானே போய்ப் பின்னலை அவிழ்த்தேன்.

டெக்னீஷியன் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை, வளையம் பொடிசு. மாதாவை வெளிய பெஞ்சில உக்கார வைங்கய்யா. உள்ள வந்தா எனக்குப் படம் விழாது."

மகள் என்னைத் திட்டவில்லை. "நீங்க பிசிக்ஸ் வாத்தியாருப்பா" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடி எடுத்த படம் தெளிவாக விழுந்தது. டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். கட்டி அப்படியே இருந்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பேத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போறப்ப யாரோ ஜடையைப் பிடிச்சு இழுத்தாங்க. மாதான்னு நெனச்சு அசையாம படுத்திருந்தேன். யார்ட்டயும் சொல்லல. நீங்கதான் சொல்லிட்டீங்க."

"தாத்தாவை மன்னிச்சிரும்மா" என்றேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ரகசியத்தை வெளியே சொன்னதற்காக என்று எண்ணிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "பரவால்ல தாத்தா, அடுத்த தடவை சொல்லாதீங்க" என்று பெரிய மனதோடு மன்னித்துவிட்டாள்.